கோவிட் போன பின்னும் மூச்சு வாங்குகிறதா? சுவாசத் தசைப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் எப்படி உதவும்?

கோவிட்-19 கிருமித்தொற்று நீங்கிவிட்டது. பரிசோதனைக் கருவியிலும் ஒரே கோடுதான் தெரிகிறது. ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சந்தைக்குப் போய் வந்தால் அன்று முழுவதும் படுக்கைதான். கைப்பேசியில் பேசிக்கொண்டே நடக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் “இன்னுமா சோர்வு?” என்ற கேள்வி எழுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர் இந்த நிலையைக் கடந்து வந்துள்ளனர். சிலர் இன்னும் கடக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்களும் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையாளர்களும் இரண்டு வகைப் பயிற்சிகளைப் பரிந்துரைப்பதுண்டு. ஒன்று, மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்குப் பலம் தரும் சுவாசத் தசைப் பயிற்சி. மற்றொன்று, நடை, மிதிவண்டி போன்ற, இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து இயங்கவைக்கும் ஏரோபிக் பயிற்சி. சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுத்தால் இவை நல்ல பலன் தரும். தவறான ஆளுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே, எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் யார் செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நீண்டகாலக் கோவிட் என்றால் என்ன?

உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டது. அதன்படி, கோவிட் தொற்று ஏற்பட்டு வழக்கமாக 3 மாதங்கள் ஆன நிலையில் அறிகுறிகள் இருக்க வேண்டும். அவை குறைந்தது 2 மாதங்களாவது நீடிக்க வேண்டும். வேறு நோயால் வந்தவை என்று சொல்ல முடியாதவையாகவும் அவை இருக்க வேண்டும். களைப்பு, மூச்சுத்திணறல், மறதி, கவனம் செலுத்த முடியாமை ஆகியவை அதிகமாகக் காணப்படும் அறிகுறிகள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொண்டு குணமானவர்களுக்கும் இது வரலாம்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2021-இல் கோவிட்டுக்குப் பிந்திய பராமரிப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டது. உயிர்வாயு தேவைப்பட்ட 4-ஆம் பிரிவு நோயாளிகளுக்கும், செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்ட 5-ஆம் பிரிவு நோயாளிகளுக்கும் மறுவாழ்வுப் பயிற்சி அதிகம் தேவைப்படும் என்பது மருத்துவர்களின் அனுபவம்.

நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குவது ஏன்?

நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அதன் அடியில் குடை போல விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இதற்குத் துணை செய்கின்றன. கழுத்துத் தசைகள் அவசர காலத்தில் மட்டும் உதவிக்கு வருபவை. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். அதாவது, உதரவிதானம் ஒரு நாளும் விடுமுறை எடுப்பதில்லை.

கோவிட் காலத்தில் இந்தத் தசை பல வகையில் பலவீனமடைகிறது. செயற்கைச் சுவாசக் கருவி மூச்சுவிடும் வேலையை எடுத்துக்கொள்ளும்போது, உதரவிதானம் சில நாள்களிலேயே மெலியத் தொடங்குகிறது. நீண்ட படுக்கை, சரியாகச் சாப்பிடாமை, உடல் முழுவதும் ஏற்படும் அழற்சி ஆகியவையும் தசையைக் கரைக்கின்றன. தீவிரச் சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் கோவிட்டுக்கு முன்பே செய்யப்பட்ட ஓர் ஆய்வில், தொடைத் தசையின் பருமன் 10 நாள்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது தெரியவந்தது.

ஜெர்மனியின் ஆகன் நகரில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஓராண்டுக்கும் மேலான 50 கோவிட் நோயாளிகளைப் பரிசோதித்தனர். நுரையீரல் ஓரளவு சீராகியிருந்தும் மூச்சு வாங்குவதாகச் சொன்னவர்களிடம் உதரவிதானம் பலவீனமாக இருந்தது. அவர்களின் மூச்சுத்திணறலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

சுவாசத் தசை பலவீனமானால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது விரைவில் களைத்துவிடும்போது, கால் தசைகளுக்குப் போகும் இரத்த நாளங்களை உடல் சுருக்குகிறது. அதனால் மூச்சு வாங்குவதோடு கால்களும் கனக்கின்றன. இதைப் பார்த்துப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தசை மேலும் மெலிகிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதே பயிற்சியின் நோக்கம்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

மூச்சு வாங்குவதற்கெல்லாம் தசை பலவீனம்தான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கோவிட்டுக்குப் பின் நுரையீரலில் இரத்தக்கட்டி, இதயத் தசை அழற்சி, நுரையீரலில் தழும்பு ஆகியவை ஏற்படக்கூடும். இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு, ஆஸ்துமா ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். பின்வருவோர் மருத்துவ ஆலோசனை பெறாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது:

1. நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் உள்ளவர்கள்.

2. ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல் உள்ளவர்கள்.

3. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் உயிர்வாயு அளவு 95-க்குக் கீழ் காட்டுபவர்கள், அல்லது ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் அந்த அளவு 3 புள்ளிக்கு மேல் குறைபவர்கள்.

4. கோவிட்டின்போது மருத்துவமனையில் உயிர்வாயு பெற்றவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள்.

5. ஒரு நாள் கொஞ்சம் அதிகமாக வேலை செய்தால் அடுத்த ஓரிரு நாள் படுக்கையில் விழுபவர்கள். இவர்களைப் பற்றித் தனியாகக் கீழே கூறப்பட்டுள்ளது.

கருவி இல்லாமல் தொடங்குவது

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் மற்றொரு கையை வயிற்றிலும் வைக்கவும். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுக்கவும். வயிற்றிலுள்ள கை உயர வேண்டும். நெஞ்சிலுள்ள கை அதிகம் அசையக் கூடாது. பிறகு, உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவது போல மெல்ல வெளியே விடவும். இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவும்.

நடக்கும்போது மூச்சு வாங்கினால், நின்று ஒரு சுவரிலோ மேசையிலோ கைகளை ஊன்றி முன்னால் சாயலாம். உட்கார இடம் இருந்தால் முழங்கைகளைத் தொடைகளில் ஊன்றி முன்னால் குனியலாம். இந்த நிலைகளில் தோள் தசைகளுக்குத் தாங்குதல் கிடைப்பதால் மூச்சு விரைவில் அடங்கும்.

பிராணாயாமம் பழகியவர்கள் மெதுவான மூச்சுப் பயிற்சியைத் தொடரலாம். ஆனால், தொடக்க வாரங்களில் வேகவேகமாக மூச்சை வெளித்தள்ளுவதும், நீண்ட நேரம் மூச்சை அடக்கி வைப்பதும் தலைசுற்றலைத் தரக்கூடும். அவற்றைத் தள்ளிப்போடுவது நல்லது.

சுவாசத் தசைப் பயிற்சிக் கருவி

எடை தூக்கினால் கைத் தசை வலுப்பெறுவது போல, எதிர்ப்பை வென்று மூச்சை இழுத்தால் சுவாசத் தசை வலுப்பெறும். இதற்கான சிறு கருவியில் சுருள்வில் பொருத்திய அடைப்பான் ஒன்று உண்டு. குறிப்பிட்ட அழுத்தத்தோடு இழுத்தால்தான் அது திறந்து காற்றை விடும். அழுத்தத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது பலருக்குக் கொடுக்கப்படும் மூன்று பந்து கருவி இதுவல்ல. பந்துகளை உயர்த்தும் அந்தக் கருவி ஆழமாக மூச்சிழுக்கத் தூண்டும். நுரையீரலின் மூலைகளை விரியச் செய்யும். ஆனால், தசைக்கு அளவிட்ட சுமை எதையும் அது கொடுப்பதில்லை. இரண்டுக்கும் பயன் வேறு.

பயிற்சி தொடங்கும் முன் சிகிச்சையாளர் ஒருவரின் அதிகபட்ச இழுவிசையை அளப்பார். அது சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்ற அலகில் வரும். பெரும்பாலும் அதில் 30 விழுக்காட்டில் தொடங்குவது வழக்கம். எடுத்துக்காட்டாக, அதிகபட்சம் 60 என்றால் கருவியை 18-இல் வைத்துத் தொடங்குவார்கள். வீட்டில் செய்யும் முறை இது:

1. நிமிர்ந்து உட்காரவும். மூக்கைக் கிளிப்பால் மூடவும்.

2. வாய்க்குழலை உதடுகளால் இறுக்கமாகப் பிடிக்கவும். முதலில் மூச்சை முழுமையாக வெளியே விடவும்.

3. வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பில் இழுக்கவும். பிறகு அவசரமின்றி வெளியே விடவும்.

4. ஒரு வேளைக்கு 30 மூச்சு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு. தொடக்கத்தில் 10 மூச்சுகளாகப் பிரித்து, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு எடுக்கலாம்.

5. தலை சுற்றினால் உடனே நிறுத்தவும். வேகவேகமாக மூச்சுவிடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

6. 30 மூச்சும் எளிதாகிவிட்டால், சிகிச்சையாளரைக் கேட்டு வாரத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைச் சிறிதளவு கூட்டலாம்.

கருவியை மிதமான வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி உலர்த்த வேண்டும். ஒருவருடைய கருவியை வீட்டில் மற்றவர் பயன்படுத்தக் கூடாது. அண்மையில் நுரையீரல் சுருங்கியவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ கண்ணிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தக் கருவியைத் தவிர்க்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனின் சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. கோவிட்டிலிருந்து மீண்டுவந்த 281 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வாரத்துக்கு 3 நாள் என 8 வாரங்கள் வீட்டிலேயே சுவாசத் தசைப் பயிற்சி செய்தனர். அவர்களுக்குச் சுவாசத் தசை வலுப்பெற்றது, மூச்சுத்திணறலும் நெஞ்சு அறிகுறிகளும் குறைந்தன. ஆனால், ஒட்டுமொத்த வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்தக் கருவி மூச்சுக்கு உதவும். மறதி, களைப்பு, மூட்டு வலி எல்லாவற்றையும் அதுவே தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சீனாவில் 2020-இல் 72 முதியவர்களிடம் 6 வாரங்கள் நடந்த சுவாச மறுவாழ்வுப் பயிற்சியில், நுரையீரல் செயல்பாடும் 6 நிமிடங்களில் நடக்கும் தூரமும் கூடின. பிரிட்டனில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி 3 மாதங்களுக்கு மேலாகியும் பாதிப்பு நீங்காத 585 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. இணையம் வழியாக 8 வாரங்கள் மேற்பார்வையோடு உடற்பயிற்சியும் மனநல ஆதரவும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. அந்தப் பலன் ஓராண்டு வரை நீடித்தது.

நடையைக் கூட்டுவது எப்படி?

ஏரோபிக் பயிற்சியில் எளியது நடை. எவ்வளவு வேகம் என்பதை அளக்க, சிரமத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கும் போர்க் அளவுகோல் உதவும். 0 என்றால் சிரமமே இல்லை. 2 முதல் 3 என்றால் இலேசான சிரமம். 5 என்றால் கடினம். 10 என்றால் இனி முடியாது. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுவோருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக உயராது. ஆகவே, அவர்கள் கைக்கடிகாரத்தை நம்பாமல் இந்த அளவுகோலைப் பயன்படுத்துவதே நல்லது.

கோவிட் நோயாளிகளுக்கான உலகச் சுகாதார நிறுவனக் கையேடு, மீட்சியை 5 கட்டங்களாகப் பிரிக்கிறது:

முதல் கட்டம்: சிரமம் 0 முதல் 1. மூச்சுக் கட்டுப்பாடு, மெதுவான நடை, கை கால்களை நீட்டி மடக்குதல்.

இரண்டாம் கட்டம்: சிரமம் 2 முதல் 3. சாதாரண நடை, இலேசான வீட்டு வேலை, தோட்ட வேலை.

மூன்றாம் கட்டம்: சிரமம் 4 முதல் 5. வேக நடை, படியேறுதல், தசை வலுவூட்டும் பயிற்சி.

நான்காம் கட்டம்: சிரமம் 5 முதல் 7. ஓட்டம், மிதிவண்டி, நீச்சல், நடன வகுப்பு.

ஐந்தாம் கட்டம்: முன்பு செய்துவந்த பயிற்சிக்குத் திரும்புதல்.

ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 7 நாள்கள் இருக்க வேண்டும். சிரமமின்றிச் செய்ய முடிந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போகலாம். அறிகுறி கூடினால் முந்திய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். தொடக்கத்தில் 2 நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது பெரியவர்களுக்கான பொதுப் பரிந்துரை. அந்த எண் பல மாதங்களுக்குப் பின் எட்ட வேண்டிய இலக்கே தவிர, முதல் வாரத்துக்கு உரியதல்ல.

நம் ஊர் வெயிலில் காலை 8 மணிக்கு முன்பும் மாலையிலும் நடப்பது நல்லது. பேரங்காடிகளின் குளிரூட்டப்பட்ட நடைபாதைகளும், சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களும் நிழலான சமதளம் தரும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடக்கவும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. கோவிட் சிகிச்சையில் தரப்பட்ட ஸ்டீராய்டு மருந்து சர்க்கரை அளவை உயர்த்தியிருக்கலாம். அதனால் மாத்திரை, இன்சுலின் அளவு மாற்றப்பட்டிருக்கலாம். நடை கூடும்போது சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். நடைக்கு முன் சர்க்கரையைப் பார்ப்பதும், இனிப்பு ஏதாவது கையில் வைத்திருப்பதும் பாதுகாப்பு.

பயிற்சி யாருக்கு ஆகாது?

நீண்டகாலக் கோவிட் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, உழைப்புக்குப் பின் உடல் சரியும் நிலை உண்டு. அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. 12 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை கழிந்த பிறகு காய்ச்சல் போன்ற வலி, மூளை மந்தம், எழ முடியாத அசதி வந்து, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். உடல் உழைப்பு மட்டுமல்ல, நீண்ட கூட்டமும் மன உளைச்சலும்கூட அதைத் தூண்டலாம்.

ஆம்ஸ்டர்டாமில் இந்த நிலையுள்ள 25 பேரை மிதிவண்டிப் பயிற்சிக்கு உட்படுத்தி, பயிற்சிக்கு முன்பும் மறுநாளும் அவர்களின் தசை மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். பயிற்சிக்குப் பின் தசையில் சேதம் கூடியிருந்தது. 2024-இல் வெளியான இந்த ஆய்வு, அவர்களின் துன்பம் சோம்பலோ கற்பனையோ அல்ல என்பதைத் தசையிலேயே காட்டியது. இதே போன்ற பழைய களைப்பு நோய்க்கு, நாளுக்கு நாள் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைத் தரக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2021-இல் திருத்தம் செய்தது.

இப்படிப்பட்டவர்களிடம் “முயற்சி செய்தால் சரியாகிவிடும்” என்று குடும்பத்தார் வற்புறுத்துவது தீங்காக முடியும். அவர்களுக்குத் தேவை, இருக்கும் சக்தியைப் பங்கிட்டுச் செலவழிப்பது. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்தல், களைப்பதற்கு முன்பே ஓய்வெடுத்தல், உட்கார்ந்து சமைத்தல், உட்கார்ந்து குளித்தல் ஆகியவை அந்த வழிகள். உடல் சரியும் நிலை அடங்கி, நிலைமை சீராக இருக்கும்போதுதான், அதுவும் நிபுணரின் மேற்பார்வையில்தான், பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தனக்கு இந்த நிலை உண்டா என்று அறிய, 2 வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு எழுதினால் போதும். அன்று செய்த வேலை, அன்றைய களைப்பு, அடுத்த 3 நாள்களின் நிலை ஆகியவற்றைக் குறித்து வந்தால் தொடர்பு தெரிந்துவிடும். மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

உதவி எங்கே கிடைக்கும்?

மலேசியாவில் முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை அணுகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ அந்தக் கடிதத்தைத் தருவார்கள். தனியார் சிகிச்சையாளரிடம் போவதானால் அவர் பதிவு பெற்றவரா என்று கேட்பது நல்லது. சிங்கப்பூரில் 2011-ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இத்துறையினரின் பதிவை முறைப்படுத்துகின்றன. கருவியை இணையத்தில் வாங்குவதற்கு முன், அது தேவையா, எந்த அழுத்தத்தில் வைப்பது என்று சிகிச்சையாளரிடம் கேட்டால் பணமும் மிச்சமாகும்.

வேலைக்குத் திரும்புவோர் மருத்துவரிடம் இலகுவான பணிக்கான கடிதம் கேட்டுப் பெறலாம். தொழிற்சாலையில் 12 மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு, அந்த வேலையே ஒரு கடுமையான பயிற்சிதான். அந்த நாளில் தனியாக நடைப்பயிற்சி வேண்டியதில்லை.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு, மயக்கம், உதடு நீலமாதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், இருமலில் இரத்தம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மீட்சி நேர்கோட்டில் வருவதில்லை. ஒரு வாரம் நன்றாக இருந்து அடுத்த வாரம் பின்வாங்குவது இயல்பு. நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் சோரும். மாதத்துக்கு ஒருமுறை அதே படிக்கட்டை ஏறி, எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது என்று குறித்து வைப்பது நல்லது. சென்ற மாதம் 8-ஆவது படியில் நின்றவர் இந்த மாதம் 12-ஆவது படியில் நின்றால், அதுவே முன்னேற்றம்.